பதினாலு அடி தள்ளி ஒரு நாடு

"அவசரம்னு மூணு முத்திரை குத்தியிருக்காங்க மேடம். முத்திரைக்கு ஒரு மணி நேரம் லேட்டு."

ரேடியோ தாளை மேசைமேல் வைத்தபோது மணி பிற்பகல் ஒன்று நாற்பது. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நாள் முழுக்கப் பேசுகிறான், அணைக்கப் பொத்தானும் இல்லை என்பதால் ஆபீஸில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துப்பறியும் பிரிவுத் தலைவியான மேடத்துக்கும் ஒரு பெயர் உண்டு: சல்லடை. எதைக் கொடுத்தாலும் சலித்துக் கல்லைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அதை அவர் காதுபடச் சொன்னவன் ரேடியோ ஒருவன்தான். சொல்லிவிட்டு ஒரு வாரம் பழைய கோப்புகளுக்குத் தூசி தட்டினான்.

அவர்கள் வேலை பார்த்த கட்டடம் இரண்டு நாடுகளின் எல்லைமேலேயே நின்றது. வாசலில் 'பயங்கரவாதத் தடுப்புக் கூட்டு ஒத்துழைப்பு மையம்' என்று ஒரு பலகை. படித்து முடிப்பதற்குள் பயங்கரவாதி வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். திறப்பு விழாவில் இரு நாட்டு மந்திரிகளும் ஆளுக்கொரு கத்தரிக்கோலால் ஒரே ரிப்பனை இரண்டு இடத்தில் வெட்டினார்கள். நடுவில் விழுந்த துண்டு யாருடையது என்று தெரியாமல் மூன்று நாள் அப்படியே கிடந்தது.

கட்டடத்தின் நடுவே ஒரு மஞ்சள் கோடு. மாடியில் ஆபீஸ் தரையில் ஓடி, சுவரில் இறங்கி, கீழே மக்கள் எல்லை கடக்கும் மண்டபத்தையும் இரண்டாகப் பிளந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம நாடு, அந்தப் பக்கம் அவங்க நாடு. மேடத்தின் மேசையிலிருந்து எண்ணினால் பதினாலாவது அடியில் அந்த நாட்டுத் துப்பறியும் அதிகாரியின் மேசை. அவரை எல்லோரும் எதிர்மேசை என்பார்கள். ஐந்து வருடமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வழக்கு விஷயமாக வாய்விட்டுப் பேசக் கூடாது. ஒத்துழைப்பு ஒப்பந்தம், ஏழாம் பிரிவு. எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். அதிலும் அசல் கடிதம் உறையில் போட்டு ஒட்டித் தலைநகருக்குப் போகும். இங்கே நகல் குமாஸ்தா தன் கையால் ஒரு நகல் எடுத்து, படிவத்தில் ஏற்றி, முத்திரை குத்தித் தருவதுதான் மேடம் கைக்கு வரும்.

மேடம் நகலைச் சத்தமாகப் படித்தார்.

"எழுதிய நேரம்: காலை 10.30. மின்சாரம் இல்லாததால் கையால் எழுதுகிறேன், மன்னிக்கவும். எங்கள் கல்குவாரியில் வெடிமருந்து திருடியவன் இன்று பிடிபட்டான். இன்று பிற்பகல் 2.30 மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் வெடிக்கும் என்கிறான். எங்கே என்று கேட்டால் சிரிக்கிறான். 'உங்க கண்ணெதிரே இருக்கும், ரெண்டு நாட்டுக்காரனும் தொட மாட்டீங்க' என்கிறான். அதற்குமேல் வாய் திறக்கவில்லை."

ரேடியோவின் வாய் முதல் தடவையாகத் தானாக மூடிக்கொண்டது.

அவன் மனைவி அந்தப் பக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் வேலை முடிந்து அந்த மண்டபம் வழியாகத்தான் வீட்டுக்கு வருவாள். இன்று காலைகூட அவளோடு சண்டை. "தினமும் அரை மணி நேரம் வெயில்ல காக்க வைக்கிற" என்று அவன் கத்தியிருந்தான்.

"மேடம், ஒரே ஒரு போன். இன்னிக்கு அங்கேயே இருன்னு மட்டும் சொல்லிடறேன்."

"அந்த மண்டபத்துல ஷிஃப்ட் மாறும்போது முந்நூறு பேர் இருப்பாங்க. முந்நூறு பேருக்கும் வீடு இருக்கு. எல்லாருக்கும் சொல்லுவியா?"

"எல்லார் நம்பரும் என்கிட்ட இல்லையே."

"அப்ப மண்டபத்தைக் காலி பண்ற வழியைப் பாரு. எழுந்திரு."

ரேடியோ எழுந்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டாலும் கை அதை விடவில்லை.

மையத்தின் இயக்குநரை எல்லோரும் நல்லெண்ணம் என்பார்கள். எந்தப் பேச்சையும் 'இரு நாட்டு நல்லெண்ணம்' என்றுதான் தொடங்குவார், அதோடு முடித்தும் விடுவார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் முதலில் தோன்றியது பயம் இல்லை, எரிச்சல்.

"மண்டபத்தை மூடறதா? விளையாடறீங்களா? ரெண்டு தலைநகரமும் சம்மதிக்கணும். ஏழு நாள் முன்னாடி அறிவிப்பு கொடுக்கணும்."

"வெடி வைக்கிறவன் ஏழு நாள் முன்னாடி அறிவிப்பு கொடுக்கலையே சார்" என்றான் ரேடியோ.

"அது அவன் தப்பு!"

மேடம் நிதானமாகக் கேட்டார்: "தரை துடைக்க மூடலாமா சார்?"

நல்லெண்ணம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தரை துடைக்க அரை மணி நேரம் மூடலாம். யார் சம்மதமும் தேவையில்லை. குண்டுக்கு ஏழு நாள், ஈரத் துணிக்கு ஒரு நொடி. இந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

இரண்டு பத்துக்கு 'தரை ஈரம்' என்ற பலகை வைத்து மண்டபத்தைக் காலி செய்தார்கள். அந்தப் பக்கமும் கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்கும் தரை ஈரமாம். இரு நாட்டுத் தேடுதல் படைகளும் வெடி நிபுணர்களும் உள்ளே போனார்கள். மோப்ப நாய்க்கு அன்று வார விடுமுறை. மேடமும் ரேடியோவும் வெளி வாசலில் நின்று, வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் தொட மாட்டீங்கன்னு சொல்றான். யாரைத் தொட மாட்டோம்?" என்றார் மேடம்.

"தூதரகக் கார். மந்திரி மச்சான். நம்ம இயக்குநர் மேசையில இருக்கிற நிலுவைக் கோப்பு."

"சீரியஸா யோசி."

"சீரியஸாத்தான் சொல்றேன் மேடம். அந்தக் கோப்பை யாருமே தொட்டதில்லை."

இரண்டு முப்பது வந்தது. இரண்டு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. தேடுதல் படைகள் தனித்தனியாக வெளியே வந்து தனித்தனியாக அறிக்கை கொடுத்தன. சந்தேகத்துக்கு இடமான பொருள் எதுவும் இல்லை.

"நல்லெண்ணத்தைக் கெடுக்கிற பொய்த் தகவல்" என்றார் நல்லெண்ணம். இரண்டு முப்பத்தெட்டுக்குக் கதவுகள் திறந்தன. அரை மணி நேரமாக வெளியே நின்று கடுப்பாகிப்போன ஷிஃப்ட் கூட்டம் இரண்டு பக்கமும் மொத்தமாக உள்ளே நுழைந்தது. வெடி நிபுணர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு டீ கேட்டார்கள்.

ரேடியோவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மாடிப்படி ஏறிக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டான்.

"எங்கம்மா இருக்க?"

"ஏன்? காலையில பேசினது போதாதா? தோழி வீட்டுக்குப் போயிட்டு சாயந்திரமா வரலாம்னு இருக்கேன். உங்க வெயில் உங்களுக்கு மிச்சம்."

"ஐயோ, கோவிச்சுக்காத. தப்பு என்மேலதான். இப்பவே கிளம்பி வா. மண்டபம் திறந்தாச்சு. நானே வாசல்ல நிக்கிறேன்."

அவள் கொஞ்சம் இழுத்தாள். பிறகு குரல் தணிந்தது. "சரி வர்றேன். பக்கத்துலதான் இருக்கேன். மூணு மணிக்கு வெளிய வந்துடுவேன்."

அந்த நாட்டுக் கடிகாரம் நம்ம கடிகாரத்தைவிட அரை மணி முன்னால் ஓடும். இது எல்லைக்காரர்களுக்குப் பழகிப்போன தலைவலி. ரேடியோ தினமும் அவள் சொல்கிற நேரத்தில் அரை மணியைக் கழித்துக்கொண்டு போய் நிற்பான். இன்று மணி ஏற்கெனவே இரண்டு நாற்பது. கழித்தால் கணக்கு இடித்தது.

"உன் மூணா, என் மூணா?"

"உங்க மூணுதான். நான் என்னிக்கு என் மணியில சொல்லியிருக்கேன்? உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு மாத்தித்தானே சொல்றேன்!"

போனை வைத்துவிட்டு அவன் படியிலேயே நின்று சிரித்தான். "அநியாயத்தைக் கேளுங்க மேடம். ஆறு வருஷமா அவ எனக்காக அரை மணியைக் கழிச்சுட்டுச் சொல்றா. நான் அதுல இன்னொரு அரை மணியைக் கழிச்சுட்டுப் போய் வெயில்ல நிக்கிறேன். அப்புறம் அவகிட்டயே சண்டை வேற போடறேன்."

மேடம் இரண்டு படி மேலே நின்றிருந்தார். திரும்பவில்லை.

"இப்ப சொன்னதை மறுபடி சொல்லு."

"வெயில்ல நிக்கிறேன்."

"அதுக்கு முன்னாடி."

"அவ கழிக்கிறா, நானும் கழிக்..." ரேடியோ நிறுத்தினான்.

மேடம் நகலை மறுபடி விரித்தார். "இதைப் பாரு. எழுதிய நேரம் பத்தரை. மின்சாரம் இல்லை, மன்னிக்கவும்ங்கறாரு. இந்தக் கட்டடத்துல மின்சாரத்துக்கு மட்டும்தான் கோடு போட மறந்துட்டாங்க. போனா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் போகும். இன்னிக்கு எப்ப போச்சு?"

"பத்து அம்பதுக்கு. நான் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேனே."

"பத்து அம்பதுக்குப் போகப் போற மின்சாரத்துக்குப் பத்தரைக்கே ஒருத்தர் மன்னிப்புக் கேட்கிறாரு. அவர் என்ன ஜோசியரா?"

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். நகல் குமாஸ்தா தன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிதத்துல நேரத்தை மாத்தினீங்களா?"

"ஆமா மேடம். வெளிநாட்டுக் கடிதத்துல வர்ற எல்லா நேரத்துலயும் அரை மணியைக் கழிச்சுத்தான் நகல் எடுக்கணும். விதி இருக்கு" என்றார் அவர், பெருமையாக.

மேடம் திரும்பினார். பதினாலு அடி. ஐந்து வருடமாக யாரும் நடக்காத பதினாலு அடி. விறுவிறுவென்று நடந்து மஞ்சள் கோட்டைத் தாண்டி எதிர்மேசை முன்னால் போய் நின்றார். அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

"சார், கடிதத்துல எத்தனை மணின்னு எழுதினீங்க?"

எதிர்மேசை முதலில் இயக்குநர் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தார். "மூணு. பிடிபட்டவன் மூணரைன்னான். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு உங்க மணிக்கு மாத்தி எழுதினேன்."

"எங்க ஆளும் எங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு இன்னொரு தடவை மாத்திட்டாரு."

சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பத்தைந்து காட்டியது.

வெடிக்க இன்னும் கால் மணி நேரம். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடி மண்டபத்துக்குள் வரவழைத்தது அவன்தான்.

"மேடம், அவ உள்ள..."

"தெரியும். அழறதுன்னா மூணு மணிக்கு அப்புறம் அழு. சார், உங்க தேடுதல் அறிக்கையைக் காட்டுங்க."

அதுவும் விதிப்படி கூடாது. எதிர்மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்தே கொடுத்துவிட்டார். மேடம் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். நம்ம பட்டியல்: பெஞ்சு பன்னிரண்டு, தண்ணீர்த் தொட்டி ஒன்று, குப்பைக்கூடை ஆறு, எதிர்த்தரப்பின் பெட்டி ஒன்று. அவர்கள் பட்டியல்: பெஞ்சு பத்து, தண்ணீர்த் தொட்டி ஒன்று, குப்பைக்கூடை எட்டு, எதிர்த்தரப்பின் பெட்டி ஒன்று.

"எங்க ஆளுங்க உங்க பெட்டிங்கறாங்க. உங்க ஆளுங்க எங்க பெட்டிங்கறாங்க."

ரேடியோ பட்டியலை எட்டிப் பார்த்தான். "மேடம்... காலையில அந்தப் பெட்டிமேலதான் என் டீ டம்ளரை வெச்சேன்."

கொட்டித் தீர்த்துவிட்டான். காலையில் மண்டபம் வழியாக வரும்போது கோட்டின்மேல் சரிபாதியாக ஒரு அட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. மேலே 'கூட்டு ஒத்துழைப்பு மையம், எழுதுபொருள்' என்று சீட்டு. துடைக்கிற அம்மா அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பக்கமும் எங்களுது இல்லங்கறாங்க தம்பி. கோட்டுமேல இருக்கிறதை ஒருத்தரும் தொட மாட்டாங்களாம். மாசத்து முதல் திங்கக்கிழமை கூட்டுக் குழு கூடித்தான் முடிவு பண்ணுமாம்" என்று அலுத்துக்கொண்டார். ரேடியோ தன் டம்ளரை அதன்மேல் வைத்து, "அதுவரைக்கும் இது சுதந்திர நாடு, நான்தான் அதிபர்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"இந்தக் கட்டடத்துல நாம கூட்டா வாங்கின பொருள் எது?" என்று கேட்டார் மேடம், படியிறங்கிக்கொண்டே.

"அந்த மஞ்சள் பெயின்ட் ஒண்ணுதான்" என்றார் பின்னால் ஓடிவந்த எதிர்மேசை. "அதுக்கே மூணு வருஷம் ஆச்சு."

"அப்ப கூட்டு எழுதுபொருள் எங்கிருந்து வந்தது? நம்ம ரெண்டு பேரையும் நம்மைவிட நல்லா தெரிஞ்சவன் வெச்சிருக்கான்."

மண்டபத்தில் முந்நூறு பேர். நடுவில், கோட்டின்மேல், பெட்டி. அதன்மேல் டீ டம்ளரின் வட்டக் கறை. வரிசையில் நின்ற ஒருவர் தன் பையை அதில் சாய்த்து வைத்திருந்தார். குண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிதிபட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். மேடம் ரேடியோவின் தோளைப் பிடித்து ஒலிபெருக்கிப் பக்கம் தள்ளினார்.

"வாழ்நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருந்தியே, அது இதுக்குத்தான். பேசு."

ரேடியோ தொண்டையைச் செருமினான். "பயணிகள் கவனத்துக்கு! வெளி மைதானத்துல புதுசா எட்டு கவுண்ட்டர் திறந்திருக்கோம். படிவம் தேவையில்லை. முதல்ல வர்றவங்களுக்கு முதல்ல முத்திரை!"

குண்டுக்குக்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். வரிசையில் கடைசியாக நின்றவன் முதல் ஆளாகப் பாய்ந்தான். அந்தப் பக்கம் எதிர்மேசையும் அதையே கத்தினார். அவர் பத்து கவுண்ட்டர் என்றார், நாட்டுக் கௌரவம் விடுமா. இரண்டே நிமிடத்தில் மண்டபம் வடிந்துவிட்டது.

ஒருத்தி மட்டும் நகரவில்லை. நம்ம பக்கக் கவுண்ட்டர் வரிசையில் இப்போது அவள்தான் முதல் ஆள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு கவுண்ட்டரா?" என்றாள் ரேடியோவின் மனைவி. "ஒரு கவுண்ட்டருக்கே ஆள் போட மாட்டீங்க. யார்கிட்ட கதை விடறீங்க?"

ரேடியோ ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

ஆறு வருடத்தில் அவன் வாயில் பேச்சு வராமல் நின்றதை அவள் அன்றுதான் பார்த்தாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைத் தோளோடு அணைத்துத் தூக்கி நிறுத்தி, "நடங்க ஐயா, நான் இருக்கேன்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

மணி இரண்டு ஐம்பது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்த நம்ம வெடி நிபுணர், பெட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னய்யா?"

"பாதிப் பெட்டிதான் மேடம் நம்ம எல்லையில இருக்கு. மீதிப் பாதியைத் தொட்டா அன்னிய மண்ணுல கருவியோட நுழைஞ்ச குற்றம். போன பயிற்சியில ஸ்க்ரூ டிரைவர் உருண்டு அந்தப் பக்கம் போனதுக்கே எனக்கு ஒரு வருஷம் விசாரணை நடந்தது."

"உங்க நிபுணர் எங்க சார்?"

"வர்றாரு" என்றார் எதிர்மேசை. "அவருக்கும் பாதிதான்."

ரேடியோ குறுக்கே புகுந்தான். "ஆளுக்குப் பாதி வெடிக்கட்டும்னு விட்டுடலாமா சார்?"

எதிர்மேசை ஒரு கணம் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் அறிக்கையைத் திருப்பி, முழங்கால்மேல் வைத்துக் கிறுக்கினார். அன்று அவர் கையால் எழுதிய இரண்டாவது கடிதம் அது. 'எங்கள் நாட்டுக்குரிய பாதிப் பெட்டியை உங்கள் நாட்டுக்கு அன்பளிப்பாகத் தருகிறேன்.' கையெழுத்துப் போட்டு, கோட்டுக்கு மேலே கையை நீட்டி நிபுணரிடம் கொடுத்தார்.

நிபுணர் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இப்ப சரி. எல்லாரும் வெளிய போங்க."

"மேடம், நீங்க வாங்க" என்றான் ரேடியோ.

"நீ போய் அவ பக்கத்துல நில்லு. நான் வர்றேன்." அவர் வரவில்லை. எதிர்மேசையும் போகவில்லை. ஆளுக்கொரு வாசலில் நின்று, ஆர்வக் கோளாறில் எட்டிப் பார்க்கிற தலைகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

மைதானத்தில் நின்ற கூட்டம், இல்லாத எட்டு கவுண்ட்டரைத் தேடித் திட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ மனைவி பக்கத்தில் போய் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்தான். இரண்டு ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழுக்கு வாசலில் நிபுணர் தெரிந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி, யாரையும் பார்க்காமல் படியில் உட்கார்ந்து, தான் விட்டுப்போன ஆறிய டீயை எடுத்துக் குடித்தார். பின்னால் வந்த மேடம் ரேடியோவைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டினார்.

சரியாக மூன்று மணிக்கு ரேடியோ எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னான்.

"நான்தான் உன்னை வரச் சொன்னேன்" என்றான். "தோழி வீட்டுக்குப் போறேன்னியே... நான்தான் கூப்பிட்டேன்."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்கவும் இல்லை.

"ஆறு வருஷமா ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா உங்களுக்கு? இது உன் மணியா, என் மணியான்னு?"

"நீ சொல்லியிருக்கலாமே."

"தெரியும்னு நினைச்சேன்."

"நானும் தெரியும்னுதான் நினைச்சேன்" என்றான் அவன். அழுகையை அவன் மூன்று மணிக்கு அப்புறம்தான் அழுதான். மேடம் சொன்னபடி.

நாலு மணிக்கு நல்லெண்ணம் பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்தார். இரு நாடுகளின் முன்மாதிரியான ஒத்துழைப்பால் பெரும் சதி முறியடிக்கப்பட்டது என்று தொடங்கி, முறியடித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லாமல் முடித்தார். நாலேகாலுக்கு விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. அனுமதியின்றிப் பதினாலு அடி அன்னிய நாட்டுப் பயணம் மேற்கொண்டதற்கு மேடத்துக்கு ஒன்று. இல்லாத கவுண்ட்டரை அறிவித்ததற்கு ரேடியோவுக்கு ஒன்று. வெளிநாட்டு அதிகாரியிடமிருந்து பாதிப் பெட்டியை அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டதற்கு வெடி நிபுணருக்கு ஒன்று. அந்தப் பக்கம் எதிர்மேசைக்கும் ஒன்று வந்தது. அரசுக் கடிதத்தைக் கையால் எழுதிய குற்றம்.

"பெட்டியை முதல் திங்கக்கிழமை வரைக்கும் கோட்டுமேலயே திருப்பி வைக்கச் சொல்லலையே, அந்த மட்டும் சந்தோஷம்" என்றான் ரேடியோ.

ஐந்து மணி சுமாருக்கு எதிர்மேசையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பிடிபட்டவனின் கூட்டாளி நாளைக் காலை எத்தனை மணிக்கு எந்த ரயிலில் வருகிறான் என்ற விவரம். நகல் குமாஸ்தா படிவத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். கழிக்கப் போன கை நின்றது.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இயக்குநர் அறைக் கதவைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேடம் மும்முரமாக ஒரு வெள்ளைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடச் சர்வீஸில் ஒரு விதியையும் மீறாத அந்த மனுஷர் கோடு வரைக்கும் போய், கழுத்தை மட்டும் அந்த நாட்டுக்குள் நீட்டினார்.

"சார், இது எங்க மணியா, உங்க மணியா?"

"உங்க மணிதான்" என்றார் எதிர்மேசை.

"அப்ப கழிக்கலை" என்று சொல்லிக் குமாஸ்தா பென்சிலைக் காதில் செருகினார்.

உள் அறையிலிருந்து நல்லெண்ணத்தின் குரல் இடித்தது. "யாருய்யா அங்க கோட்டைத் தாண்டிப் பேசறது? என்ன நடக்குது?"

"ஒத்துழைப்பு சார்" என்றான் ரேடியோ. "தெரியாம நடந்துடுச்சு."